விற்பவர் இல்லாத மருந்து: திண்டுக்கல் சமவெளியில் பொய்ச் சிகிச்சைகள் பரவிய வரலாறு

திண்டுக்கல் மலைக்கோட்டையை அடுத்துள்ள பேகம்பூர், பள்ளிவாசலுக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர் பெற்ற பகுதி. 1755இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக, அதாவது படைப்பொறுப்பும் வரி தண்டும் பொறுப்பும் சேர்ந்த அதிகாரியாக, ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்ததிலிருந்து தொடங்கும் வரலாற்றோடு இப்பகுதியின் பெயர் பிணைந்துள்ளது. ஹைதரின் சகோதரி என்று ஊர் மரபு குறிப்பிடும் அமீருன்னிசா பேகம் இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பதும், அவர் பிரசவத்தின்போது உயிர் துறந்தார் என்பதும் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் செய்திகள். கோட்டையையும் படையையும் கையில் வைத்திருந்த ஒரு குடும்பத்தால்கூடப் பேறுகாலத்தில் ஒரு பெண்ணைக் காப்பாற்ற முடியாத காலம் அது. மருத்துவத்தின் கைக்கு எட்டாத நோய்கள் மிகுந்திருந்த அத்தகைய காலங்களில்தான் ‘இதோ கைகண்ட மருந்து’ என்ற சொல்லுக்கு மதிப்பு ஏறியது. அந்தச் சொல் யார் வாயிலாக, எந்த ஊடகத்தில், யாருடைய பொறுப்பில் பரவியது என்பதைக் காலவரிசையில் பார்த்தால், இன்று கைபேசியில் உலவும் பொய்ச் சிகிச்சைகளில் எது பழையது, எது உண்மையிலேயே புதியது என்பது தெளிவாகும்.

1790இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போய், 1792 உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தபின், இச்சமவெளியைத் தாக்கிய முதற் பெருங்கேடுகளில் ஒன்று 1809 முதல் 1811 வரை நீடித்த கொள்ளைக் காய்ச்சல். கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய அக்காய்ச்சலை ஆராயச் சென்னை அரசு அனுப்பிய மருத்துவர்களில் ஒருவர் ஒயிட்லா எய்ன்ஸ்லி. அவரும் உடன்சென்ற இருவரும் எழுதிய அறிக்கை 1816இல் லண்டனில் நூலாக வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1813இல், தமிழ் வைத்தியர்கள் பயன்படுத்திய வேர், பட்டை, உப்பு, பாஷாணம் ஆகியவற்றைப் பெயரோடும் பயனோடும் தொகுத்து எய்ன்ஸ்லி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். உள்ளூர் மருத்துவத்தை இகழாமல் கேட்டுப் பதிவுசெய்த தொடக்ககால ஐரோப்பியர்களில் அவரும் ஒருவர் என்பது மறக்கத் தகாதது.

அக்காய்ச்சலின் தன்மையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நாள் குளிரோடு ஏறி, வியர்த்துத் தணிந்து, ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டு மீண்டும் அதே நேரத்தில் வரும் காய்ச்சலை மக்கள் முறைக்காய்ச்சல் என்றார்கள். இன்று மலேரியா என்று அறியப்படும் நோயின் இயல்பு அது. அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் வெளியேறும்போது காய்ச்சல் ஏறுகிறது. அடுத்த தலைமுறை ஒட்டுண்ணி வளரும்வரை உடல் ஆறியிருக்கிறது. இதனால், காய்ச்சல் ஏறிய நாளில் கொடுக்கப்படும் எந்த மருந்தும், மந்திரித்த கயிறும், திருநீறும், மறுநாளே பலித்ததாகத் தோன்றிவிடும். மீண்டும் காய்ச்சல் வந்தால் பத்தியம் தவறியது என்று சொல்லிவிடலாம். இந்த மயக்கம் நாட்டு வைத்தியரை மட்டும் பிடித்திருந்ததன்று. தேங்கிய நீரிலிருந்தும் ஈரமண்ணிலிருந்தும் எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்கால ஐரோப்பிய மருத்துவமும் நம்பியது. இரத்தம் வடிப்பதையும் பாதரச உப்புகளைக் கொடுப்பதையும் அது சிகிச்சையாகவே கருதியது. கொய்னா மரப்பட்டை ஒன்றே அவர்கள் கையில் இருந்த மெய்யான மருந்து. அதிலிருந்து குவினைன் பிரிக்கப்பட்டது 1820இல்தான். கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல்தான். தானாக ஆறும் நோயிலும் விட்டுவிட்டு வரும் நோயிலும் பொய் மருந்துக்கு எப்போதும் சாட்சி கிடைக்கும். பிழைத்தவர் ஊர் ஊராகச் சொல்வார். இறந்தவர் மறுத்துச் சொல்ல வரமாட்டார். பொய்ச் சிகிச்சை எந்த ஊடகத்தில் பரவினாலும் அதன் அடித்தளம் இதுவே.

பொய்யான மருத்துவச் செய்தி என்றால் அது பேராசைக்காரர் பரப்புவது என்ற எண்ணத்தைச் சோதிக்கும் நிகழ்ச்சி ஒன்று இதே காலத்தைச் சேர்ந்தது. கொடிய பெரியம்மையைத் தடுக்க, பசுவின் மடியில் தோன்றும் மென்மையான அம்மையின் பாலை மனித உடலில் ஏற்றும் ஜென்னரின் முறை 1802இல் இந்தியாவுக்கு வந்தது. திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் போன்ற தெய்வங்களின் வருகையாகவே அம்மை நோயைக் கண்டு, வேப்பிலை கட்டி, விரதமிருந்து, வீட்டைத் தூய்மையாக வைத்துக் காத்திருந்த மக்கள், அந்நியர் ஆட்சியில் வந்த அம்மைப்பாலை எளிதில் ஏற்கவில்லை. பின்னர் சென்னையின் கலெக்டராக இருந்தவர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816இலேயே எடுத்துக்காட்டியவரும் திருக்குறளுக்கு உரை எழுதியவருமான அவர், அம்மைப்பாலைத் தொன்மையான தெய்வ வாக்காகவே காட்டும் கதையொன்றைத் தாமே புனைந்தார். 1819 ஜனவரியில் ‘மெட்ராஸ் கூரியர்’ இதழில் ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரில் வந்த கடிதம் ஒன்றோ, தன்வந்திரி இயற்றியதாகச் சொல்லப்பட்ட வடமொழி நூலிலேயே பசு அம்மைப்பால் ஏற்றும் முறை இருப்பதாக மேற்கோள் காட்டியது.

அச்செய்தி ஐரோப்பிய மருத்துவ நூல்களில் எடுத்தாளப்பட்டு, ஒரு நூலைப் பார்த்து மறுநூல் எழுதும் வழக்கத்தால் இருபதாம் நூற்றாண்டுவரை உண்மைபோலவே உலவியது. 1987இல் வரலாற்றாய்வாளர் டொமினிக் வூயஸ்டிக் இச்சான்றுகளை ஆராய்ந்து, அவை நல்நோக்கத்தோடு செய்யப்பட்ட புனைவின் விளைவு என்று எடுத்துக்காட்டினார். எல்லிஸின் நோக்கம் உயிர்களைக் காப்பது. அவர் பரிந்துரைத்த மருத்துவமும் மெய்யானது. எனினும் மெய்யான மருத்துவத்துக்குத் துணையாக இழைக்கப்பட்ட பொய், தன் வேலை முடிந்தபின் தனியே வாழத் தொடங்கிவிட்டது. ‘நம் முன்னோர் முன்பே கண்டது’ என்ற முத்திரைக்கு மக்களிடையே எவ்வளவு வலு உண்டு என்பதை அவர் சரியாகக் கணித்திருந்தார். அந்த முத்திரையை நாளை யாரும் எதற்கும் குத்தலாம் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அவருடைய புலமையை மதிப்பவர்களும் இப்பிழையைப் பிழை என்றே சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திண்டுக்கல்லில் இரு வேறு மருத்துவ வழிகள் அருகருகே நடந்தன. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த மருத்துவர் எட்வர்ட் செஸ்டர் நகரில் மருந்தகம் நடத்தினார். அதே நகரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்து ஆசிரியரானவர், 1859இல் தென்காசி அருகே சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். இசை ஆராய்ச்சியால் பெரும்புகழ் பெற்ற அவர் சுருளிமலையில் கருணானந்த முனிவரிடம் சித்த மருத்துவம் கற்று, பின்னர் தஞ்சாவூரில் குடியேறி, மருந்துத் தோட்டமும் மருந்துச்சாலையும் அமைத்து, தம் குருவின் பெயர் தாங்கிய மருந்துகளை நாடெங்கும் அனுப்பினார். பண்டிதர் தம் பெயரையும் முகவரியையும் வெளிப்படையாக அறிவித்துத் தொழில் செய்தவர். ஆனால் அவரைப் போன்றோர் வளர்த்த தபால் வழி மருந்து வணிகம், முகவரி மட்டும் உள்ள, முகம் தெரியாத பலருக்கும் வழி திறந்துவிட்டது.

அஞ்சல் துறை 1877இல் தொடங்கிய வி.பி.பி. முறை, அதாவது பொருளைப் பெற்றுக்கொள்ளும்போது அஞ்சல்காரரிடமே விலையைச் செலுத்தும் முறை, மருந்து வணிகத்தின் எல்லையை மாற்றியது. அதற்குமுன் லேகியம் விற்பவர் சந்தைக்கு வந்தாக வேண்டும். வாரச்சந்தையிலும் தேர்த்திருவிழாவிலும் பழனிக்குப் போகும் பாதையிலும் கீரியையும் பாம்பையும் வைத்துக் கூட்டம் சேர்த்து, சண்டை இதோ தொடங்கப்போகிறது என்று நிறுத்திவைத்து, இடையில் தாயத்தும் தைலமும் விற்பவர் எத்தகையவராயினும், அவருடைய முகத்தை ஊர் பார்த்திருந்தது. மறுசந்தைக்கு அவர் வந்தால் கேள்வி கேட்க முடிந்தது. பஞ்சாங்கத்தின் பின்னட்டையிலும் வார இதழின் ஓரத்திலும் அச்சான விளம்பரமோ முகத்தை நீக்கி முகவரியை வைத்தது. வெளியே சொல்லக் கூசும் நோய்களுக்கு அது மிகவும் பொருந்தியது. ஆண்மைக் குறைவு, வெள்ளை படுதல், மாதவிலக்குக் கோளாறு, மேகநோய் ஆகியவை விளம்பரங்களில் அடிக்கடி இடம்பெற்றதற்குக் காரணம் அவை மிகுதியாக இருந்தன என்பதன்று. நோயாளி ஊர் வைத்தியரிடமும் சர்க்கார் ஆசுபத்திரியிலும் வாய் திறக்க முடியாதிருந்தார் என்பதே. கூச்சம் எங்கே இருந்ததோ அங்கே பொய் மருந்து குடியேறியது.

இவ்வணிகத்தைக் கட்டுப்படுத்த அரசு இரண்டு வழிகளில் முயன்றது. முதலாவது, மரபு மருத்துவத்தைக் கல்வியாக்குவது. சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் 1921இல் அமைத்த குழு, ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்களிடம் விரிவாகச் சான்று பெற்று 1923இல் அறிக்கை அளித்தது. அதன் செயலாளராக இருந்த டாக்டர் ஜி. சீனிவாசமூர்த்தியின் தலைமையில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. இரண்டாவது, மருந்தைச் சோதிப்பது. 1930இல் அமைந்த ராம்நாத் சோப்ரா குழுவின் பரிந்துரைகளின் தொடர்ச்சியாக 1940இல் மருந்துகள் சட்டம் வந்தது. ஆனால் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் தயாரிப்பு அச்சட்டத்துக்குள் வந்தது 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். இடைப்பட்ட கால் நூற்றாண்டில், கற்றுத் தேர்ந்த சித்த மருத்துவரையும் ‘பரம்பரை’ என்ற பலகை மட்டும் வைத்திருந்தவரையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் மருந்துப் புட்டியின்மேல் இருக்கவில்லை. அதனால் வந்த இழப்பின் பெரும்பகுதி உண்மையான சித்த மருத்துவர்களுக்கே நேர்ந்தது.

விளம்பரத்தையே குறிவைத்த சட்டம் 1954இல் இயற்றப்பட்டு 1955 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். கருக்கலைப்பு, ஆண்மைப் பெருக்கம், மாதவிலக்குக் கோளாறு ஆகியவற்றுக்கும் குறிப்பிட்ட நோய்களுக்கும் மருந்து இருப்பதாக விளம்பரம் செய்வதை அது தடுத்தது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதையும் தடுத்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அச்சட்டம் விளம்பரத்தை வரையறுக்கும் முறை ஊன்றிப் பார்க்கத் தக்கது. அறிவிப்பு, சுற்றறிக்கை, மருந்துப் புட்டியின் சீட்டு, மேலுறை ஆகியவற்றோடு, வாய்மொழியாகச் செய்யும் அறிவிப்பும், ஒளி, ஒலி, புகை ஆகியவற்றை உண்டாக்கியோ அனுப்பியோ செய்யும் அறிவிப்பும் விளம்பரமே என்று அது கூறுகிறது. சந்தைக்காரரின் குரலையும் திரையரங்கின் ஒளியையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அவ்வரிகள் பல பத்தாண்டுகளுக்குப் பின்வந்த கைபேசிக்கும் பொருந்துகின்றன.

யுனானி மருந்துகளைத் தயாரித்த ஹம்தர்த் தவாகானா இச்சட்டத்தை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மக்கள் தாமே நோயறிந்து தாமே மருந்துண்ணும் தீங்கைத் தடுப்பதே சட்டத்தின் நோக்கம் என்று ஏற்ற நீதிமன்றம், இத்தகைய வணிக விளம்பரம் பேச்சுரிமையின் காப்புக்குள் வராது என்றது. எனினும் எந்த நோயையும் விதிகளால் பட்டியலில் சேர்க்க அரசுக்கு விடப்பட்ட வரையறையற்ற அதிகாரத்தை நீக்கியது. அதன் விளைவாக 1963இல் 54 நோய்களின் பட்டியல் சட்டத்தோடு இணைக்கப்பட்டது. புற்றுநோய், நீரிழிவு, குருடு, காதுகேளாமை, குட்டம் என நீளும் அப்பட்டியல், எந்தெந்த நோய்களில் மக்களின் நம்பிக்கை காசாக்கப்பட்டது என்பதற்கு ஆவணம்.

சட்டம் வந்தபின் வணிகம் அறைக்குள் போயிற்று. ‘மாதந்தோறும் இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன லாட்ஜில்’ என்று சுவரொட்டியும் நாளிதழ் விளம்பரமும் செய்து, ஊர் ஊராகச் சுற்றி நோயாளிகளைப் பார்க்கும் லாட்ஜ் வைத்தியம் தமிழ்நாட்டின் பேருந்து நிலைய ஊர்களில் எல்லாம் வேரூன்றியது. கேபிள் தொலைக்காட்சி வந்தபின் அதே ஆட்கள் நள்ளிரவு நிகழ்ச்சிகளில் தோன்றினர். எனினும் தேதியும் அறை எண்ணும் இருந்தவரை, புகார் கொடுக்கவும் சோதனை போடவும் ஓர் இடம் இருந்தது.

திண்டுக்கல் வட்டாரத்துக்கு இதற்கு மாறான அனுபவமும் உண்டு. மருத்துவரான டி.எஸ். சௌந்திரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமத்தின் தொண்டாக, 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1964இல் அது ஊரகச் சுகாதாரம், குடும்ப நலம் ஆகியவற்றுக்கான நிறுவனமாக வளர்ந்தது. தாய்சேய் நலமும் குடும்பக் கட்டுப்பாடும் வதந்திக்கு மிக எளிதில் இரையாகும் துறைகள். ஊரார் மதிக்கும் ஆட்களைக் கண்டறிந்து, முதலில் அவர்களுக்கு விளக்கி, அவர்கள் வாயால் அண்டை வீட்டாருக்குச் செய்தி போகச் செய்தது அத்திட்டத்தின் வழி. செய்தி எத்துணை உண்மை என்பதைவிட, யார் சொல்கிறார் என்பதையே கேட்பவர் முதலில் பார்க்கிறார் என்பதை ஆத்தூரில் பணியாற்றியோர் அறிந்திருந்தனர்.

கைபேசிச் செய்தி பரப்பும் பொய்ச் சிகிச்சை, துல்லியமாக இந்த இடத்தில்தான் புதுமை உடையது. சந்தையில் விற்பவரின் முகம் இருந்தது. தபாலில் முகவரி இருந்தது. லாட்ஜில் அறை எண் இருந்தது. வாட்ஸ்அப் செய்தியில் இருப்பது சித்தப்பாவின் பெயர், பள்ளித் தோழியின் பெயர், ஜமாத் குழுவின் பெயர், குடியிருப்போர் சங்கத்தின் பெயர். எழுதியவர் மறைந்து, அனுப்பியவரின் நற்பெயரே மருந்தின் நற்பெயர் ஆகிவிடுகிறது. பெரும்பாலும் எவரும் எதையும் விற்பதில்லை, அன்பினால் அனுப்புகிறார்கள். ஆத்தூரில் நன்மைக்குப் பயன்பட்ட அதே வழி இங்கே தீமைக்குத் திறந்திருக்கிறது.

2017 பிப்ரவரி 6 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநில, ஒன்றியப் பகுதிகளில் தொடங்கிய தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாமில் இது வெளிப்பட்டது. ரூபெல்லா என்பது கருவுற்ற பெண்ணைத் தாக்கினால் குழந்தைக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறும் செவிட்டுத்தன்மையும் கண்புரையும் தரக்கூடிய நோய். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடப்பட்ட அந்த ஊசியைப் பற்றி, மலட்டுத்தன்மை வரும், பிள்ளைகள் இறக்கிறார்கள் என்ற குரல்பதிவுகள் குழு குழுவாகப் பரவின. பெற்றோர் பலர் பள்ளிக்கு ஒப்புதல் கொடுக்க மறுத்தனர். முகாம் மார்ச் மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் டெங்குக் காய்ச்சலுக்கு அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீரைப் பற்றி நடிகர் கமல்ஹாசன், ஆய்வு முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று தம் ரசிகர்களுக்கு எழுதியதும் பெரும் சச்சரவாயிற்று. டெங்குவிலும் பெரும்பாலோர் தாமாகவே தேறுவர் என்பதால், முறைக்காய்ச்சலின் பழைய மயக்கமே அங்கும் இருந்தது. பாரம்பரிய மருந்தை ஆராயக் கேட்பதே பகைமையாகக் கருதப்பட்டது வருந்தத் தக்கது.

2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் காணொளிகளின் துணையோடு வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் இளம்பெண் ஒருவர் இரத்தப்போக்கால் இறந்தார். அதையடுத்த சில நாட்களிலேயே, வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று அறிவித்த ஹீலர் பாஸ்கர் கோயம்புத்தூரில் கைது செய்யப்பட்டார். பேறுகாலக் குருதிப்போக்கு சில நிமிடங்களில் உயிரைக் கொண்டுபோகும். அதை நிறுத்தும் ஊசியும், ஏற்ற இரத்தமும், செய்யத் தெரிந்த கைகளும் இன்று மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் உள்ளன. ஹைதர் காலத்துப் பெண்ணுக்கு இல்லாத அவ்வசதிகள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஒரு காணொளியை நம்பி ஓர் உயிர் போனது என்பது இவ்வரலாற்றின் மிகக் கொடிய பக்கம்.

2020இல் கொரோனா வந்தபோது மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை, வெளியே போகவும் வழியில்லை. கையில் கைபேசி மட்டும் இருந்தது. ஈரானில் சாராயம் குடித்தால் கிருமி சாகும் என்ற செய்தியை நம்பி மெத்தனால் கலந்த நச்சுச் சாராயம் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அண்டையில் சித்தூர் மாவட்டத்தில் டிக்டாக் காணொளி பார்த்து ஊமத்தை விதையைக் கரைத்துக் குடித்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கொரோனாவுக்கு மருந்து கண்டுவிட்டதாகக் காணொளிகளில் கூறிவந்த திருத்தணிகாசலம் மே மாதம் சென்னையில் கைதானார். அதே மாதம் சென்னையில் ஒரு மருந்தாளுநர், கொரோனாவுக்கென்று தாம் உருவாக்கிய கலவையைத் தாமே அருந்தி இறந்தார். ஏமாற்றுபவர், ஏமாறுபவர் என்று இரு கூட்டமாக மக்களைப் பிரித்துவிட முடியாது என்பதை அந்த மரணம் காட்டுகிறது.

பொய்யை நிறுத்த நிறுவனங்கள் செய்தது வேகத்தைக் குறைப்பது. 2018இல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்கு மட்டும் அனுப்பலாம் என்று ஆக்கியது. சட்டத்தின் நிலை இன்னும் சிக்கலானது. 1954ஆம் ஆண்டுச் சட்டம், தடைசெய்யப்பட்ட விளம்பரத்தை வெளியிடுவதில் எவரும் எவ்வகையிலும் பங்கேற்கக் கூடாது என்கிறது. சொல்லுக்குச் சொல் படித்தால், நீரிழிவுக்கு ஒரு கஷாயச் செய்தியைத் தங்கைக்கு அனுப்பும் அக்காளையும் அதற்குள் கொண்டுவர வாதிடலாம். எந்த அரசும் அதைச் செய்யாது, செய்யவும் கூடாது. சட்டம் சென்று சேரக்கூடியது விற்பவரிடம்தான். அங்கேயும் பிடி தளர்ந்திருக்கிறது: ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன்அனுமதி கேட்கும் 170ஆம் விதி 2018இல் சேர்க்கப்பட்டு, 2024 ஜூலையில் ஒன்றிய அரசால் நீக்கப்பட்டு, அந்நீக்கத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. விற்பவர் இல்லாத செய்திக்கு எதிராக இதுவரை உறுதியாகப் பலன் தந்திருப்பது, 2017 மார்ச்சில் மறுத்த பெற்றோரிடம் பள்ளி ஆசிரியரும் கிராம சுகாதார செவிலியரும் ஊர் மருத்துவரும் நேரில் போய்ப் பேசியது போன்ற வேலை. அதற்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும், அந்தச் செவிலியர் ஆண்டு முழுவதும் அந்தத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தவராகவும் இருக்க வேண்டும்.